மணி அடிக்கும்போது நின்ற பாட்டு

எங்கள் பேண்ட் இதுவரை நான்கு ஆல்பம் போட்டிருக்கிறது. பேண்டின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினாலும் நாங்கள் வாசிக்கிற தெருவிலேயே முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. நான் கிட்டார். சாயர்புரத்துக்காரர் ஒருவர் கீபோர்டும் பாட்டும். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறார், அதனால் எங்களுக்கு அவர் வாத்தியார். மூன்றாமவர் டிரம்மர். கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பத்து ஆள், வார நாட்களில் கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கிற சங்கு குளிப்புதான் அவர் தொழில். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். நான்கு ஆல்பத்தில் மூன்றாவதில் மட்டும் அவர் இல்லை. அவரை வெளியே வைத்தது நான். அவர் திரும்பி வருவாரா மாட்டாரா என்று தெரியாமல் காத்திருந்த நாட்களைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் இசையைப் பற்றி எழுதுகிறவர்கள் அதைப் பரிசோதனை ராக் என்கிறார்கள். பரிசோதனை கேட்கிறவர்களுக்குத்தான் என்பார் வாத்தியார். பாட்டு தொடங்கி முதல் வார்த்தை வருவதற்குள் நாலு நிமிஷம் ஓடிவிடும். சில பாட்டில் வார்த்தையே வராது. கல்யாண வீட்டுக்கு எங்களைக் கூப்பிட்டால் பந்தி பாதியிலேயே கலைந்துவிடும், அதனால் யாரும் கூப்பிட்டதில்லை.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அப்பா தூத்துக்குடியில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் கயிறும் இரும்புச் சாமானும் விற்கிற கடை வைத்திருக்கிறார். மகள் நான் கடையில் உட்காரவில்லை. துறைமுகத்தில் சரக்கு அனுப்பிவைக்கிற ஓர் ஏஜென்டின் ஆபீஸில் எனக்கு டாக்குமெண்ட் வேலை. ஷிப்பிங் பில்லில் ஓர் எண் இடம் மாறினாலும் கண்டெய்னர் துறைமுக வாசலிலேயே நின்றுவிடும். அதனால் எதைப் பார்த்தாலும் தப்பு எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுகிற கண் எனக்கு வந்துவிட்டது. விருந்துக்குப் போனாலும் இலையில் உப்பை எந்தப் பக்கம் வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன். வாயும் கொஞ்சம் நீளம். பார்த்ததைச் சொல்லாமல் இருக்க வராது.

நாங்கள் வாசிப்பது ஓர் ஐஸ் கம்பெனி மாடியில். கீழே பாளம் பாளமாக ஐஸ் உறையும், மேலே ஒரு பெரிய அறை சும்மா கிடந்தது. முதலாளி அண்ணாச்சி நல்ல மனுஷர். "சும்மா கெடக்க ரூமுல என்னமும் பண்ணுங்க, மேக்கூரைய மட்டும் பேத்துராதிய" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். அறைக்கு ஏற வெளிப்பக்கமாக ஓர் இரும்புப் படிக்கட்டு. யார் கால் வைத்தாலும் டங் டங் என்று கேட்கும். ரெக்கார்டிங் நடக்கும்போது யாரும் படியேறக் கூடாது என்பது வாத்தியாரின் முதல் சட்டம்.

வாரத்தில் ஆறு நாள் அங்கே வாய் பேசினால் காது கேட்காது. படகுகளுக்கு ஐஸ் உடைக்கிற மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ப் படகுகள் கடலுக்குப் போகாது, அதனால் அன்றைக்கு ஐஸ் உடைக்கிற வேலையும் இல்லை. டிரம்மர் காலையில் பூசைக்குப் போய்விட்டு, சட்டை மடிப்புக் கலையாமல் பத்து மணிக்கு வருவார். பத்திலிருந்து சாயங்காலம்வரை அறை எங்களுக்கு. ஒரே ஒரு தொல்லை, ஐஸை உறையவைக்கிற கம்ப்ரஸருக்கு ஞாயிறு திங்கள் கிடையாது. தரையிலிருந்து ஒரே சீராக ம்ம்ம் என்று ஓர் ஒலி ஏறிக்கொண்டே இருக்கும்.

முதல் ஆல்பம் முழுக்க நாங்கள் அந்த ஒலியோடு சண்டை போட்டோம். அதை அமுக்க ஒரே வழி, அதைவிடச் சத்தமாக வாசிப்பது. எனக்கு அப்போது ஆம்ப்ளிஃபயரில் ஒரே ஓர் அளவுதான் தெரியும், கடைசி அளவு. வாத்தியார் தொண்டை கிழியப் பாடுவார். டிரம்மர் அடிக்கிற அடியில் ஜன்னல் கண்ணாடி அதிரும். இளரத்தம், ஊரில் வேறு யாரும் இப்படி வாசிக்கவில்லை என்கிற திமிரும் சேர்ந்துகொண்டது. உப்புக் காற்றில் கிட்டார் கம்பிகள் இரண்டு வாரத்தில் துருப்பிடிக்கும். டிரம்ஸின் சிம்பல் தட்டில் பச்சையாகக் களிம்பு ஏறும். நான் கம்பிகளில் தேங்காய் எண்ணெய் தடவி, விரல் வழுக்கி, ஒரு பாட்டை முழுக்கத் தப்பாக வாசித்து, அதுவும் ஆல்பத்தில் இருக்கிறது.

அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டு பதினொரு நிமிஷம். அதை ஒரே மூச்சில் ரெக்கார்டு செய்ய வேண்டும் என்று மூன்று ஞாயிறாக முயற்சி செய்து மூன்று ஞாயிறும் யாராவது ஒருவர் சொதப்பினோம். நான்காவது ஞாயிறு அற்புதமாகப் போய்க்கொண்டிருந்தது. எல்லாம் ஏறி, உச்சத்தைத் தொடுகிற இடம். டிரம்மர் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

நிமிர்ந்து பார்த்தேன். குச்சிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து நின்றிருந்தார், கண் மூடியிருந்தது. அப்போதுதான் எனக்குக் கேட்டது, அடுத்த தெரு மாதா கோயிலில் பன்னிரண்டு மணிக்கு அடிக்கிற மூவேளை மணி. மூன்று மூன்றாக மூன்று முறை அடித்து, பிறகு தொடர்ச்சியாகக் கொஞ்ச நேரம் அடிப்பார்கள். அந்த மணி அடித்தால் கடற்கரைக் குடும்பங்களில் கை வேலையைப் போட்டுவிட்டு நின்று செபம் சொல்வார்கள். வலை பின்னுகிறவர்கள் ஊசியை வைத்துவிடுவார்கள். என் கையும் கம்பியை அமுக்கிவிட்டது. வாத்தியார் சாயர்புரத்து புராட்டஸ்டண்ட் சபைக்காரர், அவருக்கு இந்த வழக்கம் கிடையாது. எனக்கும் கிடையாது. ஆனாலும் ஒரு மனுஷர் செபம் சொல்லும்போது பக்கத்தில் சத்தம் போட எங்களுக்கு வளர்ப்பு இடம் கொடுக்கவில்லை. நாங்களும் நின்றோம்.

மணி ஓய்ந்தது. சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். விட்ட இடத்தில், விட்ட வேகத்தில், அடுத்த அடி விழுந்தது. நாங்கள் இரண்டு பேரும் அலறியடித்துக்கொண்டு கூடவே ஓடினோம். பாட்டு முடிந்தது.

"ஏலே, டேக் போய்க்கிட்டு இருக்கு, எதுக்குல நிப்பாட்டுன?" என்றார் வாத்தியார்.

"மணி அடிச்சா நிக்கணும்லா."

"நீங்களாவது ரெக்கார்டர நிப்பாட்டியிருக்கலாம்லா வாத்தியாரே" என்று நான் அவர்மேல் பாய்ந்தேன்.

"நானும்லா நின்னுட்டேன்" என்றார்.

ரெக்கார்டர் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. போட்டுக் கேட்டோம். ஏழாவது நிமிஷத்தில் எல்லாம் நின்று, ஐஸ் கம்பெனியின் ம்ம்ம், தூரத்து மணி, டிரம்மர் வாய்க்குள் முணுமுணுக்கிற செபம், வாத்தியாரின் ஓர் இருமல். பிறகு மறுபடியும் இடி. அதற்குப் பிறகு எத்தனை முறை வாசித்தும் அந்த டேக் போல வரவில்லை, அதையே ஆல்பத்தில் வைத்துவிட்டோம்.

அப்பா கடையில் வைத்து முதல் பாட்டைக் கேட்டார். "ஏளா, இது பாட்டா, லாரி ரிவர்ஸ் எடுக்குதா?" என்று கேட்டுவிட்டு நைலான் கயிறு அளக்கப் போய்விட்டார்.

ஆனால் வெளியூரில் ஒருவர் கேட்டுவிட்டு, உச்சத்தில் நிறுத்துகிற துணிச்சல் என்று இணையத்தில் எழுதினார். எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதைப் படித்து யாரோ சென்னையில் ஒரு சின்ன மேடைக்குக் கூப்பிட்டார்கள். ரயிலில் போகும்போது டிரம்மர் ஒரு சிக்கலைக் கிளப்பினார்.

"அங்கன மணி அடிக்காதுலா. மணி அடிக்காம எப்டி நிக்கது?"

"சும்மா ஒரு நிமிசம் எண்ணிக்கிட்டு நில்லுங்கண்ணே."

"எண்ணுததுக்கு நான் என்ன டிராபிக் லைட்டா?"

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். நிற்கிற இடத்தில் மனசுக்குள் மங்கள வார்த்தை செபம் மூன்று சொல்வார், முடிந்ததும் அடிப்பார். அன்றிலிருந்து எந்த மேடையிலும் அந்த இடைவெளி பிசகியதில்லை. கேட்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். என்னவோ பெரிய கணக்கு என்று நினைத்திருப்பார்கள்.

இரண்டாவது ஆல்பத்தில் கம்ப்ரஸரோடு சமாதானம் ஆனோம். ஒரு ஞாயிறு நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது டிரம்மர் தரையில் உள்ளங்கையை வைத்து, "இதுவும் ஒரு சுருதிதான வாத்தியாரே, இதுக்கு எதுக்கு நாம சண்ட போடுதோம்?" என்று கேட்டார். வாத்தியார் கீபோர்டில் தேடிப் பார்த்தார். இரண்டு கட்டைகளுக்கு நடுவே நின்றது அந்த ஒலி. நாங்கள் எங்கள் சுருதியை விட்டுவிட்டு அதன் சுருதிக்குக் கிட்டாரையும் கீபோர்டையும் சேர்த்தோம். ஆறு பாட்டும் ஐஸ் கம்பெனியின்மேல் உட்கார்ந்திருக்கும். சத்தம் தானாகக் குறைந்தது. எதையும் அமுக்க வேண்டிய தேவை இல்லை என்றவுடன் என் கை கடைசி அளவிலிருந்து இறங்கி வந்தது. டிரம்மர் உடைந்த படகு புரொப்பல்லர் ஒன்றைக் கொண்டுவந்து கட்டித் தொங்கவிட்டுத் தட்டினார்.

அதோடு ஒருநாள் தன் காற்று டியூபையும் எடுத்துவந்தார். சங்கு குளிப்பவர்கள் படகில் ஓடுகிற கம்ப்ரஸரிலிருந்து வருகிற நீளமான டியூபை வாயில் கடித்துக்கொண்டு இறங்குவார்கள். அந்தக் காற்றில் கடல் தரையில் நடந்து சங்கு பொறுக்குவார்கள். அவர் மைக் முன்னால் உட்கார்ந்து டியூபில் மூச்சை இழுத்து விட்டார். இழுப்பது நீளம், விடுவது அதைவிட நீளம். அந்தத் தாளத்துக்கு நாங்கள் ஒரு பாட்டு செய்தோம். எங்கள் பாட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இன்றைக்கும் அதுதான்.

"கீழ வேற சத்தமே கேக்காதாண்ணே?" என்று அன்றைக்குக் கேட்டேன்.

"நம்ம மூச்சு சத்தந்தான் கேக்கும். அது கேக்குத வர பயமில்ல" என்றார்.

அந்த ஆல்பத்தை அப்பா பாதிவரை கேட்டார். "இது நம்ம ஐஸ் கம்பெனி சத்தம்லா!" என்று முகம் மலர்ந்து, கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் போட்டுக் காட்டினார். பாட்டைக் காட்டவில்லை, கம்பெனியைக் காட்டினார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அங்கேயே நின்றிருக்கலாம். எனக்குத்தான் புத்தி கெட்டுப்போனது. பெரிய ஊர் இசை விழாக்காரர்கள் இரண்டாவது ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, அடுத்த வருஷம் எங்களைக் கூப்பிடுவதாகவும், புது ஆல்பம் இன்னும் கச்சிதமாக இருந்தால் நல்லது என்றும் சொல்லி அனுப்பினார்கள். கச்சிதம் என்கிற வார்த்தை என் ஆபீஸ் மூளைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அந்தச் சமயம் நான் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தேன். வாசித்ததைத் திரையில் போட்டால் நேரம் கோடு கோடாகத் தெரியும். ஒவ்வோர் அடியும் கோட்டின்மேல் விழுந்திருக்கிறதா, தள்ளி விழுந்திருக்கிறதா என்று பார்க்கலாம். டிரம்மரின் அடிகளைப் பார்த்தேன். பாதி கோட்டுக்கு முன்னால், பாதி கோட்டுக்குப் பின்னால். சத்தம் ஏறும்போது கொஞ்சம் ஓடுகிறார், இறங்கும்போது கொஞ்சம் தயங்குகிறார். தப்பான ஷிப்பிங் பில்லைப் பார்த்த மாதிரி எனக்குக் கை பரபரத்தது. தப்பு அடிகளையெல்லாம் சிவப்பில் குறித்து அவரிடமே காட்டினேன். ஒரு மனுஷரின் முகத்துக்கு நேரே அப்படிச் செய்யலாமா என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். "இவ்வளவு செவப்பா?" என்றார்.

காதுக்குள் கிளிக் கிளிக் என்று நேரம் சொல்கிற ஹெட்போனை மாட்டி வாசிக்கச் சொன்னேன். அவர் இரண்டு ஞாயிறு முயன்றார். "காதுக்குள்ள எவனோ சுத்தியலால அடிக்கான். நீங்க வாசிக்கது கேக்கவே மாட்டேங்கு" என்று கழற்றி வைத்துவிட்டார். மூன்றாவது ஞாயிறு வருவதற்குள் நான் முடிவெடுத்துவிட்டேன். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஊரில் எல்லோருக்கும் தப்பைச் சுட்டிக்காட்டுகிற வாய், அன்றைக்குப் போனுக்குள் ஒளிந்துகொண்டது. இந்த ஆல்பத்தை டிரம்ஸ் இல்லாமல் செய்து பார்க்கப்போகிறோம் அண்ணே என்று ஒரு மெசேஜ் அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

வாத்தியார் மட்டும் சொன்னார், "அவன்ட்ட நேர்ல போயி சொல்லுளா. இது நல்லால்ல."

"அவரே சரின்னுட்டாரு. ஒங்களுக்கு என்ன?" என்றேன்.

மூன்றாவது ஆல்பத்தை என் வீட்டில், கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரிலேயே செய்தோம். ஐஸ் கம்பெனி இல்லை, மணி இல்லை. எல்லா அடியும் கோட்டின்மேல். எங்கள் வழக்கப்படி ஒரு பாட்டில் உச்சத்தில் நிற்கிற இடம் வேண்டும் என்று, அங்கே ஒன்றுமில்லாத ஒரு துண்டை வெட்டி ஒட்டினேன். இருபது விநாடி, சுத்தமான அமைதி. வாத்தியார் பாடிக்கொடுத்துவிட்டுப் போனார். அப்பா முதல்முறையாக ஆல்பத்தை முழுக்கக் கேட்டு, "நல்லாருக்கும்மா" என்றார். அதுதான் என்னைக் கொஞ்சம் உறுத்தியது. கடைக்கு வருகிற தெரியாதவர்களிடம் அவர் பேசுகிற குரல் அது.

விழாவில் வாசித்தோம். பெரிய மேடை, நல்ல கூட்டம். மெஷின் தாளம் போட, நானும் வாத்தியாரும் இரண்டு ஓரத்தில் நின்றோம். அந்த இருபது விநாடி வந்தது. எல்லாம் நின்றது. கூட்டம் காத்திருந்தது. நான் பழக்கதோஷத்தில் நடுவில் திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு செபம் சொல்கிற ஆள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேஜையும் அதன்மேல் என் கம்ப்யூட்டரும். இருபது விநாடி முடிந்ததும் அது அடுத்த அடியை அடிக்கும். நான் தயாரா, வாத்தியார் தயாரா என்று அதற்கு அக்கறை இல்லை. நாங்கள் மேடையை விட்டு இறங்கிப்போயிருந்தாலும் அடித்திருக்கும். கை தட்டினார்கள், நிறையவே தட்டினார்கள். ரயிலில் திரும்பித் தூத்துக்குடியில் இறங்கும்போது வாத்தியார் சொன்னார்.

"ஒண்ணு கவனிச்சியா? அவன் டிரம்ஸ் இன்னும் ஐஸ் கம்பெனி மாடியிலதான் கெடக்கு. ஒரு வருசம் ஆச்சு, எடுத்துட்டுப் போகல."

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த சனிக்கிழமை திரேஸ்புரம் கரைக்குப் போனேன். படகுகள் மத்தியானத்துக்கு மேல் கரைக்கு வந்திருந்தன. அவர் ஈர டவுசரோடு மணலில் உட்கார்ந்து அன்றைக்கு எடுத்த சங்குகளை ஒவ்வொன்றாக அளவு வளையத்தில் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வளையத்தில் தங்கினால் பெரியது, கூடைக்குப் போகும். நழுவி விழுந்தால் சின்னது, அது திரும்பக் கடலுக்குப் போக வேண்டும்.

"வாளா" என்றார். கோபம் எதுவும் குரலில் இல்லை. கோபம் இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பாட்டு கேட்டீகளாண்ணே?"

"கேட்டேன். படகுல போகும்போ போன்ல கேட்டேன். நல்லாத்தான் இருக்கு. நடுவுல அந்த நிக்க எடம் வந்துச்சுல்லா, அப்போ மட்டும் போன் செத்துட்டோன்னு தட்டிப் பாத்தேன்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த சங்கை எடுத்து, துடைத்து, வளையத்தில் வைத்தார்.

"அதுல ஒருத்தரும் மூச்சு விடலியேளா" என்றார்.

வருகிற வழியெல்லாம் நான் தயாரித்து வைத்திருந்த பேச்சு எல்லாம் போய்விட்டது. "நான் பண்ணுனது தப்புண்ணே. நேர்ல வந்து சொல்லியிருக்கணும். ஒங்கள செவப்புல குறிச்சுக் காட்டுனது அதவிடத் தப்பு" என்றேன். சுற்றி நாலைந்து பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றிருந்தது.

"அதுக்கு என்ன இப்போ" என்றார்.

"நாளைக்கி ஐஸ் கம்பெனிக்கு வாரீகளா?"

சங்கு வளையத்திலிருந்து நழுவி அவர் மடியில் விழுந்தது. அதை எடுத்துத் தனியாக வைத்தார். "பாப்பம்" என்றார். எங்கள் ஊரில் பாப்பம் என்றால் வருவேன் என்றும் அர்த்தம், ஆளை விடு என்றும் அர்த்தம்.

மறுநாள் நானும் வாத்தியாரும் ஒன்பதரைக்கே மாடிக்குப் போய்விட்டோம். டிரம்ஸ் மூலையில் ஒரு தார்ப்பாய்க்குள் இருந்தது. எடுத்துத் துடைக்கலாமா என்று வாத்தியார் கேட்டார். அவர் பொருளை அவர் வராமல் தொட வேண்டாம் என்றேன். கம்ப்ரஸர் ம்ம்ம் என்றது. ஒரு வருஷம் கழித்து அதற்குச் சுருதி சேர்த்தபோது, விட்டுப்போன உறவுக்காரர் வீட்டுக்குள் நுழைகிற கூச்சம் இருந்தது.

பத்து மணி ஆனது. வரவில்லை. பத்தரை, பதினொன்று. பூசை எப்போதோ முடிந்திருக்கும். வாத்தியார் இரண்டு முறை ஜன்னலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "போன் போடவா?" என்றார். வேண்டாம் என்றேன். போனில் செய்ததெல்லாம் போதும்.

பதினொன்றே முக்காலுக்கு, சும்மா உட்கார்ந்திருந்தால் அழுதுவிடுவேன் என்று, கிட்டாரை எடுத்தேன். "பழச வாசிப்போம்" என்றேன். முதல் ஆல்பத்தின் அந்தப் பதினொரு நிமிஷப் பாட்டு. தாளம் இல்லாததால் சத்தமாக வாசிக்க முடியவில்லை. மெதுவாக, ஒவ்வொரு கம்பியாக, கம்ப்ரஸரின் மேல் வைத்து வாசித்தோம். வாத்தியார் எதற்கும் இருக்கட்டும் என்று ரெக்கார்டரைப் போட்டுவிட்டார். முன்பு இடியாக இருந்த பாட்டு அப்படி வாசிக்கும்போது வேறு ஏதோ ஆகிவிட்டது. டிரம்மர் அடிக்க வேண்டிய இடங்கள் எல்லாம் காலியாகக் கிடந்தன. அந்தக் காலி இடங்களில் நான் கோட்டைத் தேடவில்லை. அவர் எங்கே ஓடுவார், எங்கே தயங்குவார் என்று என் கைக்குத் தெரிந்திருந்தது. அவர் ஓடுகிற இடத்தில் ஓடினேன், தயங்குகிற இடத்தில் தயங்கினேன். நான் சிவப்பில் குறித்ததையெல்லாம் நானே வாசித்துக்கொண்டிருந்தேன்.

உச்சத்துக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. மணி அடித்தது.

என் கை கம்பியை அமுக்கிவிட்டது. யோசித்துச் செய்யவில்லை. வாத்தியாரின் கையும் கட்டையிலிருந்து எழுந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் அந்த அறையில், நிற்கச் சொல்ல யாரும் இல்லாமல், நின்றுகொண்டிருந்தோம். மூன்று அடி. மூன்று அடி. மூன்று அடி. பிறகு தொடர்ச்சியாக. நான் எந்தச் செபமும் அறியாதவள். அவர் வர வேண்டும் என்று மட்டும் நினைத்தேன், திரும்பத் திரும்ப அதையே நினைத்தேன்.

மணி ஓய்ந்தது. வாத்தியார் கையை மறுபடி கட்டைமேல் வைத்தார். அப்போது வெளியே இரும்புப் படிக்கட்டில் டங் என்று ஓர் ஒலி.

அது முதல் படி ஒலி இல்லை. கீழ்ப்படி எப்படிக் கேட்கும், மேல்படி எப்படிக் கேட்கும் என்று எங்களுக்கு இத்தனை வருஷத்தில் தெரியும். அது நடுப்படி. டங், டங், டங் என்று ஏழெட்டு அடி, அவ்வளவுதான், கதவு திறந்தது. மடிப்புக் கலையாத சட்டையோடு நின்றிருந்தார். படியேறி வரும்போது மணி அடித்திருக்கிறது. பாதிப் படியில், வெயிலில், நின்று செபம் சொல்லிவிட்டு மீதிப் படியை ஏறி வந்திருக்கிறார். கதவுக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நாங்களும் ஒரே நேரத்தில் நின்றிருக்கிறோம்.

தார்ப்பாயை இழுத்துப் போட்டார். சிம்பலில் ஏறியிருந்த களிம்பை ஒருமுறை பார்த்து, "சவம், இப்டியா போட்டு வைப்பிய" என்றார். உட்கார்ந்தார். குச்சியை எடுத்தார். விட்ட இடத்தில், நாங்கள் விட்ட வேகத்தில், அடித்தார். அந்த அடி கோட்டில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. அந்த ரெக்கார்டிங்கை நான் இன்றுவரை கோடு போட்டுப் பார்த்ததில்லை.

அதுதான் எங்கள் நான்காவது ஆல்பத்தின் முதல் பாட்டு. ஒரு துண்டும் வெட்டாமல் அப்படியே வைத்தோம். மற்ற பாட்டுகளும் அதன் வழியில் வந்தன. இடிக்கிற இடம் உண்டு, அதைவிட அதிகமாகக் காத்திருக்கிற இடம் உண்டு. முதல் ஆல்பத்தைக் கேட்டுவிட்டு இதைக் கேட்கிறவர்கள் ஒரே ஆட்கள்தானா என்று கேட்கிறார்கள். ஒரே ஆட்கள்தான், எனக்கு மட்டும் வாய் கொஞ்சம் குட்டையாகியிருக்கிறது. நன்றி சொல்கிற இடத்தில் ஐஸ் கம்பெனி அண்ணாச்சியையும், மணி அடிக்கிற கோயில்பிள்ளையையும் போட்டோம். டிரம்மருக்கு அங்கே நன்றி போட முடியாது, அவர் பேண்டிலேயே இருக்கிறாரே. அதனால் இங்கே சொல்கிறேன். அண்ணே, அந்த மீதிப் படியை நீங்கள் ஏறி வந்ததற்கு என் ஆயுசுக்கும் நன்றி.

ஆல்பம் வந்த அன்று கடையில் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். வாடிக்கையாளர் யாரும் இல்லை. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வாசிக்கும்போது எங்கள் காதில் விழாத ஒன்று ரெக்கார்டிங்கில் விழுந்திருக்கிறது. கிட்டாருக்கு அடியில், மிக மெல்லிசாக, யாரோ இரும்புப் படியில் ஏறி வருகிற ஒலி. மணி அடிக்க ஆரம்பித்ததும் கிட்டாரோடு சேர்ந்து அதுவும் நின்றுவிடும்.

அப்பா கண்ணைத் திறந்து, கடைக்குப் பின்னால் மாடிக்குப் போகிற படியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏளா, யாரோ படியேறி வந்தாக. பாதியில நின்னுட்டாகளே, யாருன்னு பாரு."

"வந்துருவாகப்பா, மணி முடியட்டும்" என்றேன்.